இரட்சணிய யாத்திரிகத்தில் ஒருவழிக் கொள்கையும் அதன் விலையும்

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், எச். ஏ. கிருட்டிண பிள்ளை, ஜான் பன்யன், ஒருவழிக் கொள்கை, தேவார வடிவம், சமரசம், சாதி

எச். ஏ. கிருட்டிண பிள்ளையைப் (1827–1900) பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் அடைமொழியோடு தொடங்குகின்றன. அவ்வடைமொழியை மெய்ப்பிப்பதோடு முடிந்தும் விடுகின்றன. எந்தப் பாடலில் கம்பனின் ஓசை கேட்கிறது, எந்த வருணனை நாட்டுப்படலத்தை நினைவூட்டுகிறது, எவ்விடத்தில் ஆழ்வார்களின் மொழி எதிரொலிக்கிறது என்ற தேடலே மிகுதி. தேடல் பயனற்றதன்று. ஆனால் காப்பியம் என்ன சொல்கிறது என்னும் வினா அதனால் பின்தள்ளப்பட்டுவிட்டது. இரட்சணிய யாத்திரிகம் சொல்வது மிகவும் கடினமான ஒன்று: மீட்புக்கு வழி ஒன்றே, அவ்வழிக்கு வாயில் ஒன்றே, வாயிலின் வழியாக வராதவன் ஊர்வரை வந்து சேர்ந்தாலும் உள்ளே நுழைய இயலாது. இக்கொள்கையை ஆய்வாளர் சிலர் ‘சமயச் சார்பு’ என ஒரு தொடரில் சுட்டிக் கடந்துவிடுகின்றனர். வேறு சிலர் தமிழ் மரபின் இனிய வடிவம் அக்கடுமையைத் தணித்துவிட்டதாக மகிழ்கின்றனர். இரண்டும் காப்பியத்துக்கு நேர்மை செய்வனவாகத் தோன்றவில்லை.

3,766 பாடல்களில், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களாக விரியும் இந்நூல் 1894ஆம் ஆண்டு நூல் வடிவம் பெற்றது. அதற்கு முன்பு ‘நற்போதகம்’ இதழில் தொடராக வெளிவந்தது. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ நூலின் தழுவல் இது என்பது அனைவரும் அறிந்ததே. தழுவல் என்ற சொல்லால் இரு நூல்களும் ஒரே செய்தியைக் கூறுகின்றன என்று கொள்ளும் பழக்கம் ஏற்பட்டுள்ளது. நிலம் மாறினால் உருவகத்தின் பொருளும் மாறும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

பெட்பர்டு வாயிலும் நெல்லை வாயிலும்

பன்யன் பெட்பர்டு சிறையில் 1660 முதல் 1672 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவர். அரசு ஏற்ற திருச்சபையின் உரிமமின்றிப் பொதுமக்களுக்குப் போதித்தது குற்றம். இனிப் போதிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அவரை அடைத்தவர்களும் கிறித்தவர்களே என்பதை மறத்தலாகாது. ஆகவே பன்யனின் இடுக்கமான வாயில் கிறித்தவத்துக்குள்ளேயே கோடு கிழிக்கிறது. கதைத்தலைவன் துறந்தோடும் அழிவின் நகரத்தில் வாழ்பவர் அனைவரும் பிறப்பால் திருமுழுக்குப் பெற்றவர்கள். வழியில் மதிலேறிக் குதித்துப் பாதையில் சேரும் இருவர், ‘சடங்கன்’ என்றும் ‘வேடதாரி’ என்றும் தமிழில் பெயரிடத்தக்கவர்கள், தம் செயலுக்குக் காட்டும் நியாயம் சுவையானது: ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் ஊரார் இப்படித்தான் வருகின்றனர், வழக்கமே சான்று என்கின்றனர். பன்யனுக்கு அவ்வழக்கம் திருச்சபை வழக்கம். பிறப்பாலும் சடங்காலும் கிறித்தவராக இருப்பது போதும் என்னும் எண்ணத்தைத்தான் அவர் அடிக்கிறார்.

இதே காட்சியைத் திருநெல்வேலிச் சீமையில் வாசிப்பவர் நிலை வேறு. கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் கிருட்டிண பிள்ளை. ‘முன்னோர் வழக்கம்’ என்ற வாதத்தை அவர் கேட்டிருக்கக்கூடிய இடம் கோயில் குருமாரிடம் அன்று. அது வீட்டுத் திண்ணையின் சொல். பன்யனின் நூலில் ஒரு குகை வாயிலில் இரு அரக்கர் பேசப்படுகின்றனர். ஒருவன் போப்பு, மூப்பால் மூட்டு இறுகி, நடக்க மாட்டாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பவன். மற்றவன் ‘புறச்சமயம்’ என்னும் பெயரினன். அவன் எப்போதோ இறந்துபோனான் என்று பன்யன் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவ்வொரு வரி போதும். நெல்லைச் சீமையில் அவ்வரக்கன் இறக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவன் அரக்கனே அல்லன். தாய், உடன்பிறந்தார், பாடம் சொன்ன ஆசான், கற்ற பிரபந்தம் ஆகிய அனைத்தும் அவனே. ஒரே உருவகம் ஒரு நாட்டில் போலியைத் தோலுரிக்கவும், மற்றொரு நாட்டில் உறவை அறுக்கவும் பயன்படுகிறது. ஒருவழிக் கொள்கையின் கடுமை பன்யனைவிடக் கிருட்டிண பிள்ளையிடத்து மிகுதியாக உணரப்படுவதற்கு இதுவே காரணம். கோட்பாடு மாறவில்லை. கோடு விழும் இடம் மாறியிருக்கிறது.

வீடு துறத்தல் என்ற செயலையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். பன்யனின் தலைவன் மனைவி மக்கள் அழைக்க அழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆங்கிலத் திறனாய்வாளர் பலரை நெடுங்காலம் உறுத்திய காட்சி இது. பன்யனுக்கே உறுத்தியிருக்க வேண்டும், 1684இல் எழுதிய இரண்டாம் பகுதியில் அம்மனைவியையும் நான்கு புதல்வரையும் அதே வழியில் நடத்திச் செல்கிறார். தமிழ் வாசகனுக்கு வீடு துறத்தல் புதிதன்று. பட்டினத்தார் துறந்தார், அவரை ஊர் போற்றியது. ஆனால் துறவி எல்லாக் குழுவையும் விட்டு வெளியேறுபவன். அவன் வேறொரு பந்தியில் போய் அமர்வதில்லை. மதம் மாறியவனோ வீட்டிலேயே இருந்தாலும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தவனாகிவிடுகிறான். ஊர் முன்னவனின் காலில் விழும், பின்னவனுக்குத் தண்ணீர்ச் செம்பைத் தனியே வைக்கும். துறவுக்குத் தமிழில் இலக்கணம் உண்டு. மதமாற்றத்துக்கு அப்படியொரு போற்றத்தக்க இலக்கணம் வகுக்கப்படவில்லை. கிருட்டிண பிள்ளை காப்பியத்தின் துணையை நாடியது புலமைப் பெருமிதத்தால் மட்டுமன்று என்று கருத இடமுண்டு. பெயரில்லாத ஒரு செயலுக்கு மதிப்புடைய வடிவம் ஒன்று தேவைப்பட்டது.

மோட்சமும் இரட்சணியமும்

பன்யன் நூலின் தமிழ் உரைநடை மொழிபெயர்ப்பு ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரில் பரவலாக அறியப்பட்டது. கிருட்டிண பிள்ளை அச்சொல்லைக் கைவிட்டு ‘இரட்சணியம்’ என்பதைத் தலைப்பில் வைத்தார். மோட்சம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சொல். அது சென்றடையும் நிலையையோ இடத்தையோ குறிக்கும். அதற்கு எத்தனை வழியும் இருக்கலாம். இரட்சணியமோ ஒருவன் மற்றொருவனுக்குச் செய்வது. காப்பவன் இன்றிக் காப்பு இல்லை; ஆகவே எவ்வழி என்ற வினாவுக்கு முன்பு எவன் என்ற வினா எழுந்துவிடுகிறது. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு வழியைக் காட்டுபவராகத் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை, தாமே வழி என்கிறார். அந்த வேறுபாட்டை ‘மோட்சம்’ ஏந்தாது, ‘இரட்சணியம்’ ஏந்தும்.

இச்சொல் கிறித்தவ மறைமொழியில் மட்டும் பிறந்ததன்று. சரணாகதியின் அங்கங்களுள் ஒன்றாக வைணவர் கூறும் மகாவிசுவாசம், இறைவன் தன்னைக் காப்பான் என்னும் ஐயமற்ற உறுதியே. காக்கும் தொழில் அவனுக்கே உரியது, வேறொருவரிடம் அதைத் தேடுவது பக்தியின் தூய்மைக்குக் கேடு என்னும் அனன்யக் கருத்தும் அங்கே வலிமையாக உண்டு. ஒருவழிக் கொள்கை மேற்கிலிருந்து இறக்குமதியான கடுமை என்றும், தமிழ்ச் சமய மரபு முழுவதும் பொதுமை நோக்கினது என்றும் கூறும் பேச்சுவழக்கு இந்த இடத்தில் நிற்பதில்லை. கிருட்டிண பிள்ளை ஒருமைப் பற்றைத் திருமுழுக்கின்போது கற்றுக்கொள்ளவில்லை. அவரிடம் முன்பே இருந்த பற்றின் இலக்கு மாறியது. குரங்குக் குட்டி தாயைப் பற்றுவதா, பூனைக் குட்டியைத் தாய் கவ்வுவதா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்ட வழக்கு, பயணி தன் காலால் நடக்கிறானா அருளால் நடத்தப்படுகிறானா என்னும் சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கோடு நெருங்கியது. அவ்வொப்புமை தனி ஆய்வுக்குரியது.

தேவார வடிவம் எதைத் தணித்தது?

காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரப் பகுதிகள் மிகுதியாகப் பாராட்டப்பட்டவை. பண்ணும் பதிக அமைப்பும் கிறித்தவக் கருத்தை இனிமையாக்கின, அயன்மையைப் போக்கின என்பது வழக்கமான மதிப்பீடு. இனிமை உண்மை. ஆனால் தேவாரம் யாருடைய பாட்டு என்பதை மறந்துவிட்டுச் சொல்லப்படும் மதிப்பீடு இது. திருநாவுக்கரசர் தருமசேனராகச் சமணத்தில் இருந்து, சூலை நோயால் வருந்தித் திருவதிகைக்கு மீண்டவர். பெரியபுராணம் கூறும் வரலாற்றின்படி பல்லவ அரசன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு கலந்த சோற்றை உண்பித்தான், யானையை ஏவினான், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினான். சம்பந்தர் பதிகங்களில் புறச்சமயத்தாரைக் கண்டிக்கும் பாடல் ஏறத்தாழ உறுப்பு என்ற அளவுக்கு நிலைபெற்றது. தேவார வடிவம் எல்லாரையும் அணைக்கும் பொதுவடிவமாகப் பிறக்கவில்லை. ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றுக்கு வந்தவனின் பாட்டு அது, துன்புறுத்தப்பட்டவனின் பாட்டு, இவன் ஒருவனே தெய்வம் என்று ஊர் ஊராகச் சென்று அறிவித்தவனின் பாட்டு. கிருட்டிண பிள்ளை அவ்வடிவத்தை எடுத்தபோது தம் கொள்கையைத் தணிக்கவில்லை, அதற்கேற்ற கருவியையே தேர்ந்தார்.

எனினும் அப்பருக்கும் யாத்திரிகனுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உள்ளது. காப்பியத்தின் வலியும் அங்கேதான் இருக்கிறது. அப்பரின் மாற்றம் வீடு திரும்புதல். தமக்கை திலகவதியார் காத்திருக்கிறார், திருநீறு தருகிறார், பிரிந்த உறவு கூடுகிறது. யாத்திரிகனின் மாற்றம் வீடு நீங்குதல். உறவு வாயிலில் நின்று திரும்ப அழைக்கிறது. நீற்றறை அப்பருக்கு இளவேனில் தென்றலாகக் குளிர்ந்தது. பன்யனின் மாயச் சந்தையிலோ பயணியின் தோழன் கட்டையில் கட்டி எரிக்கப்படுகிறான், தீ குளிரவில்லை. அவன் ஆன்மா தேரேறிச் செல்கிறது, உடல் சாம்பலாகிறது. ஆகவே இக்காப்பியம் தேவார வடிவத்தை ஏற்கும்போது, அவ்வடிவத்தின் பின்னுள்ள வரலாறு தரும் ஆறுதலை ஏற்க இயலாத நிலையில் நிற்கிறது. காப்பான் என்ற உறுதி மட்டும் உண்டு. இங்கே, இப்போது, உடலைக் காப்பான் என்ற உறுதி இல்லை. இனிமையைப் பாராட்டும் ஆய்வுகள் இந்த இடைவெளியைக் காணத் தவறுகின்றன.

சமரசத்தின் காலத்தில்

கிருட்டிண பிள்ளை வாழ்ந்த காலம் சமரசம் என்னும் சொல் தமிழில் செல்வாக்குப் பெற்ற காலம். அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவரான வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். இதைவிடக் கூர்மையான ஒப்பீடு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). ஓராண்டு மூத்தவர், அவரும் கிறித்தவர், அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை 1878இல் வெளியிட்டார். ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரு கிறித்தவத் தமிழ்ப் புலவர், ஒருவர் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனை செய்கிறார், மற்றவர் ஒரே வாயிலைப் பற்றி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் செய்கிறார். கத்தோலிக்கம், சீர்திருத்தத் திருச்சபை என்னும் பிரிவு வேறுபாடு மட்டும் இதை விளக்கப் போதாது. வேதநாயகம் பிள்ளை கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நம்பிக்கைக்காக அவர் எதையும் விட்டு வெளியேற நேரவில்லை. சமரசம் பேசுவது அவருக்குப் பெருந்தன்மை. மதம் மாறியவனுக்கு அது வேறுவகையாக ஒலிக்கும்: எல்லா வழியும் ஓரிடம் சேருமாயின், தாய்வீட்டை விட்டு வந்தது எதற்கு?

இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாயினும் இதில் ஓர் இடர் உண்டு. விலை கொடுத்தவன் பொருளை உயர்த்திப் பேசுவான் என்று கொள்கையை உளவியலுக்குள் சுருக்கிவிடும் இடர் அது. கொடுத்த விலை பெரிது என்பதால் பொருள் மெய்யாகிவிடாது. எந்தச் சமயத்திலும் பெருவிலை கொடுத்தவர் உண்டு, அப்பரே சான்று. காப்பியம் தன் ஒருவழிக் கொள்கைக்கு யாத்திரிகன் பட்ட துன்பத்தைச் சான்றாக நிறுத்துகிறதா, வேறொன்றை நிறுத்துகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

குமார பருவத்தின் இடம்

விடை குமார பருவத்தின் இரட்சணிய சரித படலத்தில் கிடைக்கிறது. இயேசு பிடிபடுதல், பிலாத்துவின் முன் நிறுத்தப்படுதல், முட்முடி, ஏளனம், சிலுவை என விரியும் அப்பகுதிக்குப் பன்யனின் முதல் நூலில் இணையான பகுதி கிடையாது. பன்யனின் பயணி சிலுவையை வழியில் காண்கிறான். அதன் அடியில் அவன் முதுகுச் சுமை கழன்று கல்லறைக்குள் உருண்டு விழுகிறது. அவன் மகிழ்ந்து மேலே நடக்கிறான். சிலுவையில் நடந்தது என்ன என்பதைப் பன்யன் கதையாகச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, அவர் வாசகர் குழந்தைப் பருவம் முதல் கேட்டது. தமிழ் வாசகனுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் தகவல் தரும் தேவையை விடப் பெரிய பணியொன்றை இப்படலம் செய்கிறது.

அங்கே இயேசு எதிர்த்து ஒன்றும் செய்யாமல் கட்டுண்டு நிற்கிறார். அவரைப் பிணித்தது கயிறு அன்று, தம்மைப் பகைக்கும் மனிதர்மேல் அவர் கொண்ட அன்பே என்று கவிஞர் கூறுகிறார். கண்டு நிற்கும் மக்கள் கதறுகின்றனர்: நிலம் வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே, உலகம் இன்னும் அழியாமல் இருப்பது ஏன் என்று. கம்பனை அறிந்தவர் அயோத்தி நகர் மக்களின் புலம்பலை நினைப்பர். அந்த நினைவு இங்கே அழகுக்காக மட்டும் வருவதன்று. நாடு இழந்து காடு செல்பவனின் அமைதியை மதிக்கப் பழகிய வாசகன், குற்றமின்றிக் கட்டுண்டவனின் அமைதியையும் மதிக்கும் நிலைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். ஆற்றல் இருந்தும் வெளிப்படுத்தாமை தமிழ்க் காப்பிய மரபில் தலைவனின் உயர்ந்த பண்பு.

இப்படலத்துக்குப் பிறகு ஒருவழிக் கொள்கையின் அடித்தளம் மாறிவிடுகிறது. வாயில் இடுக்கமானது என்பதால் வழி ஒன்று என்பதன்று. இவ்வாறு கட்டுண்டவன் ஒருவன் என்பதால் வழி ஒன்று. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் பின்பற்ற வருபவன் கோபுரம் கட்டுபவனைப்போல் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று கூறப்படுகிறது. பன்யனிடத்தில் அக்கணக்கைப் பயணியே போடுகிறான். கிருட்டிண பிள்ளையிடத்தில் செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே வேறொருவரால் செலுத்தப்பட்டிருப்பதை வாசகன் குமார பருவத்திலேயே அறிந்துவிடுகிறான். யாத்திரிகன் பின்னர்ப் படும் துன்பம் சான்றாக நில்லாமல் மறுமொழியாக நிற்கிறது. இம்மாற்றம் தமிழ்க் காப்பியத்தின் தனிப் பெறுபேறு. மூலத்தை மிஞ்சும் இடங்களுள் முதன்மையானது.

ஆயினும் இது முழு வெற்றியன்று. பன்யன் தம் நூலின் இறுதியில் அறியாமை என்னும் பெயருடைய ஒருவனை வானக வாயில்வரை கொண்டுவருகிறார். அவன் கொடியவன் அல்லன். நல்வாழ்வு வாழ்ந்ததாக நம்பியவன். வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் ஆற்றை எளிதில் கடந்தவன். முறிச்சீட்டு இல்லாததால் கை கால் கட்டப்பட்டு நரக வழியில் தள்ளப்படுகிறான். பன்யனின் நிலத்தில் அவன் அலட்சியமான கிறித்தவன். நெல்லை நிலத்தில் அந்த இடத்தில் வாசகன் காணக்கூடியவர்கள் அப்பெயருக்கு உரியவர் அல்லர். கிருட்டிண பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மரபே அவ்வாயிலில் நிற்கிறது. எந்த மரபின் சொல்லால் வாயில் செதுக்கப்பட்டதோ அந்த மரபுக்கு வாயில் திறக்கவில்லை. குமார பருவத்தின் அன்பு பகைவரையும் பிணித்ததென்றால், பகைக்காமலும் வராமலும் இருந்தவர் நிலை என்ன என்ற வினாவுக்குக் காப்பிய வடிவம் இடம் தரவில்லை. உருவகம் இருவகை மாந்தரையே அறியும்.

கழலாத சுமை

வழியின் துன்பங்களைப் பட்டியலிடும்போது ஒன்று விடுபட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும். பன்யனின் பகைவர் வரிசையில் சாதி இல்லை, இருக்கவும் முடியாது. அவ்வரிசையைப் பின்பற்றிய தமிழ்க் காப்பியத்திலும் சாதி முதன்மைப் பகைவனாக எழவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவத்தில் பின்பற்றுதலின் விலை பற்றிய மிகக் கசப்பான வழக்கு அதைச் சார்ந்ததே. 1833இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சை முதலிய இடங்களில் வேளாளக் கிறித்தவர் பலர் அதை எதிர்த்தனர். ஒரு பகுதியினர் திருச்சபையை விட்டே விலகினர். அதற்கு முன்பே, 1829 அளவில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளின் சாதி மறுப்பு நடவடிக்கைகளை எதிர்த்து எழுதினார். தெய்வத்தை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருந்தவர்களுள் பலர் பந்தியை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இல்லை.

தாயையும் தந்தையையும் விட்டுவரச் சொல்லும் கட்டளை உயர்சாதியினருக்கு இழப்பாகவே எழுதப்பட்டது. அவ்விழப்பை இரட்சணிய யாத்திரிகம் பேரழகோடு பாடியது. அதே திருநெல்வேலிச் சீமையில் கூட்டம் கூட்டமாகத் திருச்சபையில் சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயர்சாதியினர் அல்லர். அவர்கள் விட்டுவந்த வீடு வேறு, வழியில் சந்தித்த சிங்கங்கள் வேறு. ஆலயத்துக்குள் நுழைந்த பிறகும் எந்தப் பாயில் உட்காருவது, கிண்ணம் முதலில் யாருக்கு என்னும் வழக்கு அவர்களுக்காகக் காத்திருந்தது. இடுக்கமான வாயிலைக் கடந்து வந்தவருக்குள்ளும் இடுக்கம் இருந்த இந்நிலையைப் பாடும் பருவம் காப்பியத்தின் ஐந்தனுள் இல்லை. அதைத் தேடுபவர் மிஷன் அறிக்கைகளையும் திருச்சபை வழக்குப் பதிவுகளையும் புரட்ட வேண்டியிருக்கிறது.